நான்காம் சாட்சிக்குக் கொடுத்த வாக்கு

நியாயம் சொல்வது ஒன்றும் பெரிய வேலையில்லை என்று நினைப்பவர்களுக்காகவே இந்தக் கதையை வைத்திருக்கிறேன். முடிவில் ஒரு கேள்வி உண்டு. காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

பேச்சித்தாயின் ஒரே மகனைப் பட்டப்பகலில் கடைவீதியில் வெட்டிக் கொன்றார்கள். பார்த்தவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். போலீஸ் வந்து கேட்டபோது, நாற்பது பேரும் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பியிருந்தார்களாம். அங்கே துணி தேய்த்துப் பிழைக்கும் முப்பிடாதி மட்டும், மறுநாள் தனியாக ஸ்டேஷனுக்குப் போய், "நான் பாத்தேன்" என்றாள். புருஷன் இல்லாதவள். இரண்டு பெண் குழந்தைகள்.

கொன்றவனுக்கு மூன்று தம்பிகள். எதற்கும் துணிந்தவர்கள். அதனால் அவள் பெயரை எங்கும் சொல்லக்கூடாது, 'நான்காம் சாட்சி' என்றே கூப்பிட வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். சாட்சிகளுக்கு உதவும் மையத்திலிருந்து ரெஜினா துணைக்கு வந்தாள். "ஒங்க பேரு வெளிய தெரிஞ்சா, அந்த நிமிஷமே ஒங்களக் கூட்டிட்டுப் போயிருவேன். யாரு தடுத்தாலும் சரி" என்று முப்பிடாதிக்கு வாக்குக் கொடுத்தாள்.

பேச்சித்தாய்க்கும் ரெஜினாதான் துணை. "சாட்சிய நான் கொண்டாந்து நிறுத்துறேம்மா" என்று அவளுக்கும் ஒரு வாக்கு. இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. அதுதான் கடைசி வாய்தா. நீதிமன்றக் கட்டடத்தில் மையத்துக்கு இருந்தது ஒரே அறை. பெண்கள் மூவரும் அதற்குள் காத்திருந்தார்கள். காவலுக்கு ஏட்டு கோமதிநாயகம்.

முப்பது வருடமாகச் சாட்சிகளைக் கூப்பிட்டுவரும் டவாலி, பட்டியலில் பெயருக்குப் பதில் எண் இருப்பதைப் பார்த்தார். எழுத்தர் மறந்துவிட்டார் என்று நினைத்து, உத்தரவுக்கு முந்தைய பழைய பட்டியலைத் தேடியெடுத்தார். கடமையில் குறை வைக்காத மனிதர்! வராந்தாவில் நின்று, முப்பிடாதியின் பெயரை, தகப்பன் பெயரும் தெருப் பெயரும் சேர்த்து, வழக்கம்போல மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். தம்பிகள் மூவரும் அங்கேதான் நின்றார்கள்.

முப்பிடாதி ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேரச் சொல்லிட்டாங்கக்கா. என்னையக் கூட்டிட்டுப் போங்க."

ஏட்டு குறுக்கே வந்தார். "இனிமே ஓடி என்ன பிரயோஜனம்? சொல்லிட்டா அவன் உள்ள போவான். சொல்லாமப் போனா, ஒங்க வாய அடைக்க தெனம் வருவானுக."

அவர் சொன்னதில் பொய்யில்லை. ரெஜினா பின்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி அப்படியே நின்றாள்.

பேச்சித்தாய் எழுந்தாள். "தொறந்து விடும்மா. எம்மவன் இனி வரப்போறதில்ல. இவ பிள்ளைகளுக்கு இவ வேணும்லா."

ரெஜினா திறந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, மூவரையும் வெளியூரில் பத்திரமாகச் சேர்த்தாள். பார்த்த சாட்சி இல்லையென்று கொன்றவன் விடுதலையானான்.

இப்போது சொல்லுங்கள். தடுத்த ஏட்டு, திறந்த ரெஜினா, திறக்கச் சொன்ன பேச்சித்தாய்: இவர்களில் யார் செய்தது சரி?

என் பதில் இது. ஏட்டு நினைத்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் அது தப்பாய்ப் போனால் சாகப்போவது அவர் இல்லை. ரெஜினா ஒரு வாக்கைக் காப்பாற்ற இன்னொன்றை உடைத்தாள். அதையும், அந்த இன்னொன்றுக்கு உரியவளே சொன்ன பிறகுதான் செய்தாள். பேச்சித்தாய் செய்ததுதான் சரி. இதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது. சாட்சியைக் காக்க நீதிமன்றம் இருந்தது, போலீஸ் இருந்தது, மையம் இருந்தது. கடைசியில் காப்பாற்றியது, பிள்ளையைப் பறிகொடுத்தவள். தீர்ப்பன்று கொன்றவன் கழுத்தில் மாலையோடு படியிறங்கி வந்தான். வழியில் நின்ற பேச்சித்தாய்தான் ஒதுங்கி வழிவிட்டாள்.