நீர்மூழ்கிக்குச் சோப்புப் போட்ட கயித்தான்

கயித்தான் வாயைத் திறந்தால் கடல் ரெண்டு முழம் உள்வாங்கும் என்று எங்கள் கடற்கரையில் சொல்வார்கள். அதை முதன்முதலில் சொன்னவரும் கயித்தான்தான்.

இருபத்திரண்டு வருஷம் கடற்படை விமானத் தளத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய மனுஷன். எங்கே வேலை என்று கேட்டால், நீர்மூழ்கி தேடுகிற பிளேனில் என்பார். பிளேனில் என்ன வேலை என்று இன்னும் ஒரு படி இறங்கிக் கேட்டால் இருமல் வந்துவிடும். ஆனால் ஊருக்குத் தெரியாதா என்ன? கடலை ஒட்டித் தாழப் பறந்து திரும்புகிற அந்தப் பிளேன்கள் உடம்பெல்லாம் உப்புப் பூத்துத்தான் வரும். விட்டால் துரு தின்றுவிடும். உடனே நல்ல தண்ணீர் அடித்துக் கழுவியாக வேண்டும். கயித்தான் கையில் இருந்தது தண்ணீர் பைப். அடுத்தவன் பார்த்துவிட்டு வந்த கடலை இருபத்திரண்டு வருஷம் சிமெண்டுத் தரையில் நின்று கழுவி விட்டவர் அவர்.

இப்போது அவருக்கு ஒரே ஆசை, சாகும்வரை வள்ளத்தில் போக வேண்டும். முட்டியோ தேய்ந்துபோச்சு, வலை இழுக்க ஆகாது. வலை இழுக்காதவனுக்கு வள்ளத்தில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது முன்பக்கம், காது வைக்கிற இடம். துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கி, அதன் பிடியில் காதை ஒட்டிக்கொண்டு, கீழே கத்தாளை மீன் கிடக்கிறதா என்று கேட்டுச் சொல்கிற வேலை. கத்தாளை கூட்டமாகக் கிடந்தால் தவளை மாதிரி கொர் கொர் என்று கத்தும். அந்தச் சத்தம் துடுப்பு வழியாக ஏறி வரும்.

அந்த இடத்தில் இருந்த பெரியவர் மகள் வீட்டோடு போய்விட்டார். வள்ளத்துக்குச் சொந்தக்காரன் தொம்மை, மீன் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கிப் பார்த்தான். அது பிளாஸ்டிக் பையையும் மீன் என்று காட்டியது. ஒரு நாள் முழுக்கப் பையாகவே பிடித்துவிட்டு வந்து, மெஷினைத் தூக்கிப் பரணில் போட்டான். அதற்குப் பிறகுதான், அக்காள் புருஷனாச்சே என்று கயித்தானை ஏற்றிக்கொண்டான். அதுவும் ஒரே ஒரு நாளைக்கு. மீனைக் காட்டினால் இடம் அத்தானுக்கு, இல்லையென்றால் கரையில் உட்கார்ந்து வலை பின்ன வேண்டியது என்று கண்டிஷன்.

இருபத்திரண்டு வருஷம் கரையிலேயே நின்ற கயித்தானுக்குக் கரை என்ற சொல்லே ஆகாது.

காலை ஏழு மணிக்கு இஞ்சினை நிறுத்தினார்கள். காது வைத்திருக்கும்போது வள்ளத்தில் யாரும் பேசக் கூடாது, பீடி பற்ற வைக்கத் தீப்பெட்டி உரசக் கூடாது, தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காது வைக்கிறவரே பேசக் கூடாது என்று மட்டும் சட்டம் கிடையாது. இதுவரை அப்படி ஒருத்தரும் பேசினதில்லை, அதனால் சட்டம் தேவைப்படவில்லை.

கயித்தான் துடுப்பில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி நிறுத்தினார்கள். அங்கேயும் கேட்கவில்லை. மூன்றாவது இடத்தில் அவருக்கு நெற்றி வேர்த்தது. பயம் வந்தால் சில பேருக்குக் கை நடுங்கும். கயித்தானுக்கு வாய் நடுங்கும்.

"இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா மாப்ள" என்று ஆரம்பித்தார். "பிளேன்ல பார்த்த வேலைக்கு முன்னால இது குழந்தைப் பிள்ளை விளையாட்டு."

இஞ்சின்காரன் சூசை, பைப்பையா பிளேனையா எதைச் சொல்கிறீர் என்று கேட்டான். கயித்தான் அதைக் காதில் வாங்கவில்லை. காதுதான் துடுப்பில் இருக்கிறதே.

தான் பிளேனில் ஏறின கதையை எடுத்தார். அன்றைக்குப் பிளேன் புறப்பட நிற்கிறதாம். இவர் கீழே பைப்போடு நின்றபடியே, இடது இஞ்சினுக்குள் பல்லி கத்துகிறது, எடுக்காமல் கிளப்பாதீர்கள் என்றாராம். இஞ்சினைப் பிரித்தால் உள்ளே பல்லி, பக்கத்தில் ரெண்டு முட்டை. பெரிய ஆபீசர் இவர் காதைத் தொட்டுப் பார்த்தாராம், நிஜக் காதுதானா என்று. பிளேனில் காது வைக்கிற ஆளுக்கு ஜலதோஷம், நீ ஏறு என்று அங்கேயே உத்தரவு. பைப்பைக் கீழே போடக்கூட நேரம் இல்லை, கையோடு கொண்டு ஏறிவிட்டார்.

வலைக்காரன் மிக்கேல், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், இருந்தும் கதை என்றால் வாய் பிளப்பான். கடலுக்குள் இருக்கிற சத்தம் மேலே பறக்கிறவனுக்கு எப்படிக் கேட்கும் என்று கேட்டான். அதற்கு மட்டும் கயித்தான் உண்மையைச் சொன்னார். பிளேனிலிருந்து கை நீளக் குழாய்களைக் கடலில் போடுவார்கள். குடை விரித்து இறங்கி மிதக்கும். அதற்குள்ளிருந்து ஒரு கம்பி ஆழத்துக்குப் போகும், கம்பி நுனியில் காது. அது கேட்டதைப் பிளேனுக்கு ரேடியோவில் சொல்லும். உண்மை அவ்வளவுதான். அது தீர்ந்த இடத்திலிருந்து கயித்தான் தொடர்ந்தார்.

எல்லாக் குழாயிலும் கேட்டுப் பார்த்தார்களாம். வெளிநாட்டு நீர்மூழ்கி ஒன்று இஞ்சினை நிறுத்திவிட்டுக் கடல் தரையில் படுத்துக் கிடக்கிறது, மூச்சுக் காட்டவில்லை. படித்த ஆட்கள் எட்டுப் பேர் கையை விரித்துவிட்டார்கள். இவர் ஹெட்போனைக் காதில் மாட்டினதும் கேட்டதாம், உள்ளே ஒருத்தன் முட்டை பொரிக்கிறான்.

"எத்தனை முட்டை?" என்றான் சூசை.

"ஒன்பது. அதுல ஒண்ணு கூமுட்டை."

கூமுட்டை என்பது காதுக்கு எப்படித் தெரியும் என்று மிக்கேல் கேட்டே விட்டான். எட்டு முட்டை சட்டியில் சடசடவென்று பேசியதாம். ஒன்பதாவது மொளுக்கென்று விழுந்து கம்மென்று கிடந்ததாம். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கிற கேப்டன் மூக்கைப் பொத்துகிற சத்தமும் கேட்டதாம்.

சூசை கடலைப் பார்த்துத் துப்பினான். மூக்குப் பொத்துகிற சத்தம் கேட்கிற காதுக்குப் பக்கத்து வீட்டு அம்மி சத்தம் இடி மாதிரி இருக்குமே, எப்படித் தூங்குகிறீர் என்றான். தூங்கி வருஷம் ஒன்பது ஆகிறது என்றார் கயித்தான்.

தொம்மை மட்டும் சுக்கானைப் பிடித்தபடி வெயிலைப் பார்த்தான். தூரத்தில் ரெண்டு வள்ளம் வலை விடுவது தெரிந்தது. கயித்தானும் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். துடுப்பில் இன்னும் ஒரு சத்தமும் இல்லை. கதைதான் வேகம் பிடித்தது.

சண்டை இல்லாத காலம், குண்டு போடக் கூடாது. என்ன செய்வது? விடிய விடிய முட்டை பொரித்தவன் வெளியே பார்க்கக் கண்ணாடிக் குழலை மேலே நீட்டினானாம். பிளேனை இறக்கச் சொன்னார் கயித்தான். எவ்வளவு தாழ என்றால், கோலா மீன் கூட்டம் பிளேனுக்கு மேலால் பறந்து போனதாம். இவர் அடிவயிற்றுக் கதவைத் திறந்து, பைப்பை இடுப்பில் கட்டித் தலைகீழாகத் தொங்கி, பையில் கிடந்த சோப்பை எடுத்து அந்தக் கண்ணாடி முழுக்க அழுத்தித் தேய்த்துவிட்டார்.

உள்ளே கேப்டன் பார்க்கிறான், எங்கே திருப்பினாலும் வெள்ளை வெளேர். மேகத்துக்குள் வந்துவிட்டோம், கப்பல் பறக்கிறது என்று அவன் ஆட்கள் அலறுகிறார்கள். துடைக்கலாம் என்று துணியோடு மேலே வந்தான், மாட்டினான்.

எந்த நாட்டுக்காரன் என்றான் மிக்கேல். அதைச் சொல்லக் கூடாது, எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார் கயித்தான்.

"வந்தவனைச் சும்மா விடலாமா? நம்ம தொழில் என்ன? கப்பல் முழுக்கக் கழுவி விட்டேன். சிப்பி மட்டும் நாலு மூட்டை உதிர்ந்துச்சு. கழுவி முடிச்சா பச்சைக் கலர் கப்பல். கேப்டன் தேம்பித் தேம்பி அழுதுட்டான் மாப்ள. அவன் அதுவரைக்கும் அதைக் கருப்புன்னே நினைச்சிட்டிருந்தான்."

"அத்தான்" என்றான் தொம்மை. சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். "மணி ஒன்பதரை. நான் கரைக்குத் திரும்ப இஞ்சினைப் போடச் சொல்லப் போறேன்."

கயித்தான் வாய் அப்படியே நின்றது. காலையிலிருந்து அவர் வாய் நின்றது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் மாப்ள என்று கையால் மட்டும் கெஞ்சினார். கண்ணை மூடி, காது வலிக்கிற அளவுக்குத் துடுப்பில் அழுத்தினார்.

முதலில் அவருடைய சொந்த ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் தண்ணீர் வள்ளத்தை நக்குகிற சத்தம். அதற்கும் கீழே, காய்ந்த சருகை யாரோ மிதிக்கிற மாதிரி, இறால்களின் படபடப்பு. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததற்குள் ஒரு கொர். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு ஊர்ப்பட்ட தவளைகள் ஒரே குளத்தில் இறங்கின மாதிரி.

சொல்ல வாயெடுத்தார், குரல் வரவில்லை. இடது கையைத் தூக்கித் தென்கிழக்கே நீட்டினார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

சூசை நம்பவில்லை. தொம்மை அந்தக் கையை ஒரு தடவை பார்த்தான், வலையை விடச் சொன்னான்.

இழுக்கும்போது மிக்கேலுக்கும் சூசைக்கும் தோள்பட்டை கழன்றது, தொம்மையும் சுக்கானை விட்டுவிட்டு வந்து பிடித்தான். வள்ளம் நிறையக் கத்தாளை. தரையில் கிடந்தும் கொர் கொர் என்று கத்திக்கொண்டே கிடந்தது. கயித்தான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டதாம்.

கரை தெரிய ஆரம்பித்ததும் மனுஷனுக்கு உயிர் வந்துவிட்டது.

"காலையிலேருந்து நான் சும்மாவா பேசுனேன்னு நினைச்சீங்க? கதை கேக்க இந்தக் கூட்டம் முழுக்க நம்ம அடியில வந்து கூடிட்டுது. கேக்குறப்ப மீன் கத்துமா? அதான் கதையைச் சரியான எடத்துல நிறுத்துனேன். அதுகளுக்குப் பொறுக்கல. அப்புறம், அப்புறம்னு கத்த ஆரம்பிச்சிட்டுது. அதைத்தான் நான் பிடிச்சேன்."

சூசை இஞ்சினைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அப்படின்னா நாளைக்கு நீரு கரையிலயே உக்காந்து கதையைச் சொல்லும் ஓய். மீன் நீந்தி வந்துரும். டீசலாவது மிச்சம்."

மிக்கேல் விழுந்து விழுந்து சிரித்தான். கயித்தான் சிரிக்கவில்லை, தொம்மையைப் பார்த்தார். தொம்மை அலை முறிகிற இடத்தைத் தாண்டும்வரை சுக்கானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வள்ளம் மணலைத் தட்டி நின்ற பிறகுதான் திரும்பினான்.

"நாலரைக்கு வந்துருங்க அத்தான். காது மட்டும் போதும். வாயை வீட்டுல வச்சிட்டு வாங்க."

கயித்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

"வச்சிட்டு வரலாம் மாப்ள. நான் திரும்புறதுக்குள்ள ஒன் அக்கா அதை அடிச்சே கொன்னுருவாளே."