ஜன்னல் இல்லாத கப்பல்

கோணங்கிபாளையத்து ஆட்களுக்கு மூளை இல்லையென்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இருக்கிறது. ஒரு நாள்கூடப் புழங்காமல், கடையில் வாங்கின மாதிரியே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊரில் மாட்டுத் தரகு பார்க்கிற நான்கு இளவட்டங்கள் உண்டு: சென்னியப்பன், அங்குராசு, பூபதி, தினகர். மாட்டு விஷயத்தில் நாலு பேரும் சூரர்கள். பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார்கள், சுழியைப் பார்த்துக் குணத்தைச் சொல்வார்கள். உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் அதே கண்ணால் பார்ப்பார்கள் என்பதுதான் ஒரே சிக்கல்.

சென்னியப்பனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. பெண் கோபிசெட்டிபாளையம், பெயர் கோகிலவாணி. பயலுக்கு அவள் மேல் அப்படியொரு ஆசை. போனில் அவள் பெயர் வந்தாலே எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவான். அன்றைக்கும் அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் கேட்டாள்.

"நீங்க எந்தெந்த ஊருக்கெல்லாம் போயிருக்கீங்க?"

"அந்தியூர் சந்தைக்குப் போயிருக்கறனுங்க."

"அப்பறம்?"

"அடுத்த வருசமும் அந்தியூர்தானுங்க."

"அவ்வளவுதானா?" என்றாள் அவள். அன்று காலையில்தான் போனில் ஒரு விளம்பரம் வந்திருந்தது: இளைஞர்களே, நண்பர்களோடு மலிவாகக் கரீபியன் கப்பல் பயணம் போய் வாருங்கள் என்று. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அடுத்த மாசம் சிநேகிதங்களோட கரீபியனுக்குக் கப்பல்ல போறமுங்க."

"நெசமாலுமா! அப்படீன்னா கப்பல்ல இருந்து எனக்கு வீடியோ கால் போடுங்க. அதைப் பாத்துட்டு, பத்திரிகை அடிக்கலாம்னு எங்கப்பாகிட்டச் சொல்லிடறேன்."

அவ்வளவுதான். கப்பல் இல்லையென்றால் கால் இல்லை, கால் இல்லையென்றால் பத்திரிகை இல்லை, பத்திரிகை இல்லையென்றால் கோகிலவாணி இல்லை. சென்னியப்பன் நேராகப் போய்க் கூட்டாளிகளின் முன்னால் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இதுக்கா அழுவறே? போயிட்டு வந்துட்டாப் போச்சு," என்றான் அங்குராசு. "கரீபியன் எங்கடா இருக்குது?"

"தாராபுரம் தாண்டி எங்கியாச்சும் இருக்கும்," என்றான் தினகர். "நாம பாக்காத ஊரெல்லாம் அந்தப் பக்கந்தானே இருக்குது."

மறுநாள் நாலு பேரும் ஈரோட்டில் ஒரு பயண ஏஜென்சிக்குப் போனார்கள். ஜெயசீலன் என்கிற ஏஜென்ட் பாவம் நல்ல மனிதர். குளிரக் குளிரத் தண்ணீர் கொடுத்து, ஒரு கப்பலின் படத்தையும் எடுத்து வைத்தார். அங்குராசு படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

"வயசென்னங்க?"

"இருபது வருஷம் இருக்கும்."

"அடேயப்பா, கிழடு! பல்லெல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

"கப்பலுக்கு ஏதுங்க பல்லு?"

"கொட்டிப் போச்சாக்கும்," என்று பூபதி சென்னியப்பனின் காதில் சொன்னான். அந்த ஆளின் மனசு நோகக் கூடாதென்று மெதுவாகத்தான் சொன்னான்.

"கொஞ்சம் நடக்க விட்டுக் காட்டுங்க," என்றான் தினகர்.

ஜெயசீலன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, செலவைக் குறைக்கிற வழிகளைச் சொல்ல ஆரம்பித்தார். நாலு பேரும் ஒரே அறையில் தங்கிக்கொள்ளலாம். ஜன்னல் இல்லாத உள்ளறையாக எடுத்தால் இன்னும் மலிவு. கடல் தெரிகிற அறைக்குத் தனிக் காசு. சாப்பாடு கப்பலிலேயே வந்துவிடும். நடுவில் ஒவ்வொரு தீவாக நிற்கும். கீழே இறங்கினால்தான் செலவு, இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொண்டால் மிச்சம்.

நாலு பேரும் வெளியே வந்து கூடிப் பேசினார்கள்.

"ஜன்னல் இல்லைன்னா நாம கடலை எப்படிடா பாக்கறது?" என்றான் சென்னியப்பன்.

"கடலைப் பாக்கத்தான் தனிக் காசுன்னு சொல்லிட்டாரில்ல? காசு கட்டாதவன் பாக்கக் கூடாது. அதுதான் நாயம்," என்றான் அங்குராசு.

நாயம்தான் என்று மற்ற மூவரும் ஒத்துக்கொண்டார்கள்.

திரும்ப உள்ளே போய், விலை பேச அங்குராசு தோள் துண்டை எடுத்து ஜெயசீலனின் வலது கையின் மேல் போட்டான். சந்தையில் அப்படித்தான். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலையைச் சொல்வார்கள். அடுத்தவனுக்குத் தெரியாது, வாய்விட்டுக் கேட்பதும் மரியாதை இல்லை. அங்குராசு ஒரு விரலைப் பிடித்தான். ஜெயசீலன் மிரண்டுபோய்க் கையை இழுத்தார். இரண்டு விரலைப் பிடித்தான். அவர் இன்னும் இழுத்தார். மூன்று விரலை அழுத்திப் பிடித்ததும் வலி தாங்காமல் "சரி, சரி, விடுங்க!" என்றார்.

"முடிஞ்சுது!" என்று அங்குராசு துண்டை உதறினான்.

என்ன விலைக்கு முடிந்தது என்று மற்ற மூன்று பேருக்கும் தெரியாது. ஜெயசீலனுக்கும் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், அங்குராசுவுக்கும் தெரியாது.

"கப்பலை எங்க வந்து பிடிச்சுக்கறதுங்க?" என்றான் சென்னியப்பன்.

"அது அமெரிக்காவுல இருந்துதாங்க கிளம்பும்."

"அத்தனை தூரமெல்லாம் ஆகாதுங்க. இங்க ஓட்டிட்டு வந்துருங்க."

ஜெயசீலனின் பொறுமை அந்த நிமிஷம் தீர்ந்துபோனது. விரல்களை ஊதிக்கொண்டே, "ஆமாங்க, உங்களுக்காகக் கொச்சிக்கு வந்து நிக்கும். போய் ஏறிக்குங்க," என்றார்.

எவ்வளவு தங்கமான மனிதர் என்று நாலு பேரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். வருகிற வழியிலேயே ஒரு புதுக் கயிறும் வாங்கினார்கள். மாட்டை விற்கிறவன் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொள்வான், வாங்குகிறவன்தான் புதுக் கயிறு கொண்டுபோக வேண்டும். கப்பலுக்கு வேண்டுமே என்று கொஞ்சம் தடியான கயிறாகவே பார்த்து வாங்கினார்கள். ஒரே அறையில் நாலு பேர் படுக்க ஒரு பெரிய பவானி ஜமுக்காளத்தையும் சுருட்டிக்கொண்டார்கள்.

நாள் வந்தது. கொச்சியில் இறங்கி, கடலோரமாக ஒரு மீசைக்காரர் கடையில் டீ குடித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தால், தூரத்தில் வெள்ளை வெளேரென்று மாளிகை மாதிரி ஒரு கப்பல் நின்றது. கிட்டத்தில், இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களையும் ஸ்கூட்டர்களையும் ஏற்றிப் போகிற தகரக் கூரைப் படகு ஒன்று நின்றது.

"அந்தா நிக்குது நம்ம கப்பல்!" என்று சென்னியப்பன் பெரிய கப்பலைக் காட்டினான்.

அங்குராசு கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். "அதுல எத்தனை ஜன்னல் இருக்குது பாருடா! நாம பேசினது ஜன்னல் இல்லாதது. அது வேற எவனோடதோ."

படகைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். நாலு பக்கமும் திறந்து கிடந்த அந்தப் படகில் மருந்துக்கும் ஒரு ஜன்னல் இல்லை. இதேதான் என்று முடிவானது. படகு கட்டியிருந்த கல்தூணில் அங்குராசு தங்கள் கயிற்றையும் கோணங்கிபாளையத்து முடிச்சாகப் போட்டுக் கட்டினான். மறுமுனையைப் படகில் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. டிக்கெட் விலையைக் கேட்டதும் அவனுக்கு நெஞ்சு விம்மியது.

"சில்லறையில முடிச்சிருக்கறன் பாரு! துண்டு போட்டுப் பேசினாச் சும்மாவா?"

ஆனால் ஏறி உட்கார்ந்ததும் நாலு பேர் முகமும் வெளுத்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்.

"ஐயோ, தெரியுதுடா!" என்றான் பூபதி. "நாம காசே கட்டலையே!"

"கண்ணை மூடுங்கடா! மூடுங்க!" என்று கத்திக்கொண்டே அங்குராசு ஜமுக்காளத்தை உதறினான். நாலு பேரும் அதற்குள்ளே புகுந்து, ஓரங்களைக் காலுக்கடியில் செருகிக்கொண்டார்கள். பார்க்கிறவர்களுக்கு யாரோ ஏற்றின மூட்டை மாதிரி இருந்தது. அதனால் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

படகு போய் அக்கரையில் இடித்து நின்றது.

"முதல் தீவு," என்றான் அங்குராசு. "இறங்கினாச் செலவு. அசையாதீங்க."

படகு திரும்பி வந்து இக்கரையில் இடித்தது. "ரெண்டாவது தீவு." இப்படியே உச்சிப்பொழுது வரைக்கும் தீவு தீவாக வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஏறின ஒரு அம்மாள் மூட்டையென்று நினைத்துக் கோழிக் கூடையைப் பூபதியின் தலைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"கப்பல்லயே சாப்பாடுன்னாரில்ல, வந்துருச்சு," என்றான் பூபதி. "ஆனா இன்னும் உசுரோட இருக்குது."

அப்போதுதான் சென்னியப்பன் வீடியோ கால் போட்டான். எழுந்து நிற்க வழியில்லாததால் முட்டி போட்டுக்கொண்டான்.

"ஏனுங்க, ஒரே இருட்டா இருக்குது?" என்றாள் கோகிலவாணி. "கடலைக் காட்டுங்க!"

சென்னியப்பன் கூட்டாளிகளைப் பார்த்தான். ஜமுக்காளத்துக்குள் அவசரமாக ஆலோசனை நடந்தது.

"ஒரு ஓரமாத் தூக்கி, கொஞ்சூண்டு காட்டிப்புடு," என்றான் தினகர்.

"அடுத்தவன் மாட்டுல கொஞ்சூண்டு பால் கறந்தா அதுக்குப் பேரு திருட்டு இல்லியா?" என்றான் அங்குராசு.

காட்டினால் களவாணி. காட்டாவிட்டால் கோகிலவாணி போய்விடுவாள். பாவி மகன் என்ன செய்வான்! கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"கோகிலா, என்னைத் தப்பா நெனைக்காதீங்க. கடல் இங்கியேதான் இருக்குதுங்க, கைக்கெட்டற தூரத்துல. ஆனா அதைப் பாக்க நாங்க காசு கட்டலீங்க. காசு கட்டாத கடலைத் திருடிப் பாக்கற புருசன் உங்களுக்கு வேண்டாமுங்க."

திரை கறுப்பாகிவிட்டது. கல்யாணம் போச்சு என்று பூபதி விசும்பினான், கோழியும் கூடவே கத்தியது. அப்புறம் போனுக்குள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"நல்ல வேளை சொன்னீங்க! போனைக் குப்புறக் கவுத்திட்டனுங்க. தெரியாத்தனமா நான் பாத்துத் தொலைச்சிருந்தா, நாளைக்கு எங்கப்பா பேருக்கில்ல பில்லு வரும்!"

சென்னியப்பன் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"உங்களாட்ட நேர்மையான மனுசனை நான் பாத்ததே இல்லீங்க," என்றாள் அவள். "இன்னிக்கே பத்திரிகைக்குச் சொல்லச் சொல்றேன்."

ஜமுக்காளத்துக்குள் ஒரே ஆரவாரம். மூட்டை குதிப்பதைப் பார்த்த படகுக்காரர் ஓடிவந்து துணியை உருவினார். "எறங்கடா, எறங்கு!" என்று நாலு பேரையும் கரையில் தள்ளிவிட்டார்.

கண்ணைத் திறந்து பார்த்தால் எதிரே டீக்கடை. அதே பெஞ்சு, அதே மீசை.

"கரீபியன்காரன் கெட்டிக்காரன்டா!" என்றான் அங்குராசு. "நம்ம கொச்சியைப் பாத்து ஒரு கிளாசு குறையாம அப்படியே செஞ்சு வெச்சிருக்கான்!"

பூபதி கல்தூணைக் காட்டினான். "கயிறுகூட நம்முளுதாட்டவே இருக்குது, அந்த முடிச்சைப் பாரு!"

"தொடாதடா, அந்நிய தேசத்துக் கயிறு!"

சென்னியப்பன் சந்தோஷத்தில் கோகிலவாணிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"ஏனுங்க, கொச்சியாட்டவே இருக்குதுன்னா, பேசாம கொச்சிக்கே போயிருக்கலாமில்ல?" என்றாள் அவள். "கிட்டத்துல இருக்குது, செலவும் மிச்சம்."

நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எப்பேர்ப்பட்ட மூளை! நமக்குத் தோன்றவே இல்லையே! உடனே மீசைக்காரரிடம் போய், கொச்சிக்கு எந்தக் கப்பல் என்று கேட்டார்கள். அவர் கையிலிருந்த கிளாஸைக் கழுவினபடியே, எதைக் கேட்டார்கள் என்றுகூடக் கவனிக்காமல், படகைக் காட்டினார். மறுபடியும் டிக்கெட், மறுபடியும் ஜமுக்காளம், மறுபடியும் தீவு தீவாக இடித்தது. சாயங்காலம் வேறொரு படகுக்காரர் அவர்களைக் கண்டுபிடித்து, அதே துறையில் தள்ளிவிட்டார்.

அதே டீக்கடை, அதே பெஞ்சு, அதே மீசை. இது கரீபியனா, கொச்சியா? நாலு பேருக்கும் குழப்பமாகிவிட்டது. அங்குராசு ஒரு டீ வாங்கி ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி யோசித்தான்.

"நெசக் கொச்சிதான்," என்றான். "கரீபியன்காரன் இத்தனை சக்கரை போட மாட்டான்."

சொல்லிவிட்டு, கல்தூணிலிருந்த கயிற்றைத் தைரியமாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலடிக்கு நடந்தான்.