தண்டோரா கேளாத புழு

கடலும் மலையும் இருபுறம் காவல் நின்ற ஒரு நாட்டை முன்னொரு காலத்தில் அதிரூபராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் தனக்குத் தெரியாத பொருள் ஒன்று உலகில் இருக்கிறது என்பதை மட்டும் அவனால் தாங்க முடியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தான். நாட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் அன்றே சபையில் அதற்குப் பெயர் சொல்லித் தண்டோரா போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அதை வேறு பெயர் சொல்லி அழைப்பவனுக்கு மொட்டையும் கழுதைச் சவாரியும் உறுதி.

ஒருநாள் ஒரு கப்பல்காரன் முழ உயர மரக்கன்று ஒன்றைக் காணிக்கை வைத்தான். அவன் சொன்ன பெயர் ஒருவருக்கும் விளங்கவில்லை. அரசன் மந்திரி அம்பலவாணரைப் பார்த்தான். அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் விருத்தகிரிப் பண்டிதர் எழுந்துவிட்டார்.

"தீவுச் சந்தனம் மன்னா! வேந்தர் தோட்டம் தவிர வேறெங்கும் வேர் பிடிக்காது."

அரசனுக்கு உச்சி குளிர்ந்தது. தண்டோரா போட்டாயிற்று. மந்திரி வாயைத் திறக்கவே இல்லை.

கன்று மார்பளவு வளர்ந்ததும் புழு விழுந்தது. இலையெல்லாம் ஓட்டை. அரசன் கொதித்தான். மந்திரியைக் கவிழ்க்கக் காத்திருந்த பண்டிதருக்கு இதுதானே வேண்டும்! தோட்டக்காரி மாரக்காளை வேலைக்கு வைத்தவர் மந்திரி அல்லவா?

"மன்னா, சந்தனத்தை எந்தப் புழுவும் தீண்டாது. தீண்டுகிறதென்றால் அது செய்வினைப் புழு. ஏவியவள் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?"

"மூன்று நாளில் காரணம் தெரிய வேண்டும். இல்லையேல் அவளை நாடு கடத்துங்கள்!" என்றான் அரசன்.

மந்திரி தோட்டத்துக்குப் போனார். மாரக்காள் கன்றடியில் உட்கார்ந்திருந்தாள்.

"இது என்ன மரம் மாரக்கா?"

"சந்தனமுங்க சாமி. தண்டோரா போட்டாங்களே."

"உன் மனசுக்கு?"

"என் மனசுக்கு மொட்டை போட்டுக்க ஆசையில்லீங்க." அவள் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். பிறகு, "மரம் எனக்குத் தெரியாதுங்க. புழுவைத் தெரியும். சின்னதுல காக்கா எச்சம் மாதிரி கிடக்கும், பெருத்தா பச்சையாயிடும். எங்க வீட்டு எலுமிச்சையில வருசந்தவறாம வரும். பக்கத்துலயே முருங்கை நிக்குது, அதைத் திரும்பிக்கூடப் பாக்காது. எலுமிச்சைச் சாதிதான் அதுக்குச் சாப்பாடு" என்றாள்.

அம்பலவாணர் அன்று வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்கே 'தெரியாது' என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் இவளுக்கு இந்த நிலை வந்திருக்குமா? பண்டிதர் பொய் சொன்னார். நான் என்ன சொன்னேன்? யோசித்து யோசித்துப் பார்த்தார். பதில் நன்றாக இல்லை.

மூன்றாம் நாள் ஒரு பெரிய தாம்பாளத்தோடு சபைக்கு வந்தார். அதில் ஓரத்தைச் சுற்றி ஐந்து வகை இலைகள் இருந்தன: வேம்பு, மா, முருங்கை, எலுமிச்சை, மலையிலிருந்து வந்த சந்தனக் கொழுந்து. கையில் ஒரு மூங்கில் குழாய்.

"மன்னா, மரத்தின் பெயரைப் பற்றி நான் பேசப்போவதில்லை. குற்றவாளியையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்" என்றவர் பண்டிதரிடம் திரும்பினார். "செய்வினைப் புழு என்றீரே, அது சந்தனம் தின்னுமா?"

"தின்னும். அதற்காகத்தானே ஏவியிருக்கிறாள்!"

"கன்றில் பொறுக்கிய புழுக்களை நேற்றிலிருந்து பட்டினி போட்டிருக்கிறேன். பசித்த செய்வினைப் புழு சந்தனத்தை விடாது அல்லவா?"

"விடவே விடாது!"

மந்திரி குழாயைத் தாம்பாளத்தின் நடுவில் தட்டினார். சுண்டுவிரல் பருமனில் ஏழு பச்சைப் புழுக்கள் விழுந்தன. சபை எட்டிப் பார்த்தது. ஒன்று வேம்பை முகர்ந்து திரும்பியது. இரண்டு சந்தனத்தின்மேல் ஏறி, தவறான வீட்டில் நுழைந்த விருந்தாளி போல அவசரமாக இறங்கின. கொஞ்ச நேரத்தில் ஏழும் எலுமிச்சை இலையில் வரிசையாக உட்கார்ந்து விருந்து சாப்பிட்டன.

"சீ, அங்கே போ!" என்று பண்டிதர் ஒரு புழுவை விரலால் சந்தனத்தின் பக்கம் தள்ளினார். புழு தலையைத் தூக்கிச் சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்றைப் பிதுக்கியது. குப்பென்று அழுகல் நாற்றம். பண்டிதர் மேலாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கடி பின்னால் போனார்.

"புழு உமக்கு நாக்கை நீட்டுகிறது ஐயா!" என்று அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். சட்டென்று நிறுத்தினான். "அப்படியானால் என் தண்டோரா பொய்யா மந்திரி?"

மந்திரி கைகூப்பினார்.

"தண்டோரா மன்னருடையது. காதுள்ளவர்கள் எல்லோரும் அடங்கிவிட்டோம். புழுவுக்குக் காது இல்லை, நாக்கு மட்டும்தான். இது எலுமிச்சைக்கு உறவுக்கார மரம் என்கிறது அது."

"சரி, பெயர் என்ன?"

"தெரியாது மன்னா."

"இதை அன்றே சொல்லியிருக்கலாமே!"

"அன்றும் தெரியாதுதான். சொல்லத்தான் தைரியம் வரவில்லை."

 அரசன் மாரக்காளை அழைத்தான். "இதற்கு என்னம்மா வைத்தியம்?"

"வைத்தியமே வேண்டாமுங்க மகாராசா. விடியக்காலையில இலையைத் திருப்பிப் பாத்து, புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டாப் போதும். ரொம்பப் போனா வேப்பங்கொட்டையை இடிச்சு ஊறவெச்சுத் தெளிக்கலாம். மரம் பெருத்துட்டா தானே தாங்கிக்கும்."

"தோட்டம் முழுக்க இனி உன் பொறுப்பு. புதுக் கன்று எது வந்தாலும் நீதான் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். தெரியாமல் சொன்ன பண்டிதர் ஒரு மண்டலம் புழு பொறுக்கட்டும்." அரசன் மந்திரியைப் பார்த்தான். "தெரியாததை மறைத்தவருக்கு?"

"பாதி மண்டலமாவது வேண்டும்" என்றார் அம்பலவாணர்.

அன்று மாலை தண்டோராக்காரன் தெருத்தெருவாகக் கூவினான்: "கப்பலில் வந்த மரத்தின் பெயர் அரசருக்குத் தெரியாதுங்கோ!" ஜனங்கள் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் நம்பினார்கள்.

மறுநாள் விடியலில் பண்டிதர் ஒரு பக்கமும் மந்திரி ஒரு பக்கமுமாகக் குனிந்து இலைகளைத் திருப்பினார்கள். புழுவோ பண்டிதர், மந்திரி என்று பார்க்கவில்லை. தொட்ட இருவர்மேலும் ஒரே நாற்றத்தைத்தான் வீசியது.