கொண்டையும் வாலும் தெரிய

முன்னொரு காலத்தில் என்றால் எந்தக் காலத்தில் என்று கேட்பீர்கள். காட்டுச்சேவல் கூவி ஊர் விழித்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் எதைப் பார்த்து வியக்கிறாரோ, மாலைக்குள் அதைப் பற்றி ஒரு சட்டம் போட்டுவிடுவார்.

ஒரு நாள் ராஜா நகர்வலம் போய்க்கொண்டிருந்தார். மலையிலிருந்து இறங்கிய வேட்டைக்காரன் ஒருவன், செத்த சேவல்கள் ஐந்தாறைத் தோளில் கட்டுக்கீரை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு எதிரே வந்தான். அதிலிருந்து ஓர் இறகு கழன்று ராஜாவின் குதிரை முன்னால் விழுந்தது. ராஜா இறங்கி அதை எடுத்தார். கழுத்து இறகு. கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம். நுனியில், உருக்கிய பொன்னை ஒரு சொட்டு வைத்தது போல ஒரு புள்ளி. வெயிலில் பிடித்தால் அது தேனாகத் தெரிந்தது. நிழலில் பால் போல வெளுத்தது.

ராஜா ஆயுள் முழுக்கக் காட்டுச்சேவல் தின்றவர். ஆனால் அதை இலையில், மிளகோடு மட்டுமே பார்த்திருந்தார்.

"இப்படி ஒன்றை இப்படியா தூக்கி வருவது?" என்று கேட்டார். அன்று மாலையே ஓலைநாயகத்தை அழைத்து ஆணை எழுதச் சொன்னார்.

ஓலைநாயகம் என்றால் அரசாணைகளை எழுதும் தலைமை அதிகாரி. சோமாசிப் பெருமான் என்று பெயர். முத்து முத்தாக எழுதுவார். ராஜா சொன்னவையெல்லாம் நியாயமானவைதான். பெட்டையைக் கொல்லாமல் சேவலைத்தான் அடித்திருக்கிறான் என்று தெரிய வேண்டும். யார் அடித்தது என்று தெரிய வேண்டும். புதருக்குள் இறகைப் பார்த்துவிட்டு இன்னொரு வேட்டைக்காரன் உயிருள்ள சேவல் என்று அம்பு விட்டுவிடாமல் இருக்கச் செந்துணி வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட ஓலைநாயகம் மறுநாள் சபையில் எழுந்து நின்று வாசித்தார்.

"காட்டுச்சேவல் வேட்டையாடி வீடு திரும்புவோர் அறியவும். வேட்டையாடியவன், பிறர் கை படாமல், சேவலின் ஓர் இறகும் உதிராமல், செந்துணி போர்த்திக்கொண்டு, பெயரெழுதிய ஓலையைக் காலில் கட்டிக்கொண்டு, கொண்டையும் வாலும் எல்லோர் கண்ணுக்கும் தெரிய, சாவடி வழியாக வரவேண்டியது. இதில் ஒன்று தவறினவனுக்கும், எழுதியதை விட்டு வேறு பொருள் சொல்கிறவனுக்கும் இனி இந்த நாட்டில் இடமில்லை."

ராஜா பெருமையோடு சபையைப் பார்த்தார். கடைசியில் அவருடைய பார்வை விகடகவி உலகளந்தானிடம் வந்து நின்றது. உலகளந்தான் என்பது பெயர்தான். ஆள் ராஜாவின் இடுப்புயரம்.

"என்ன சொல்கிறீர், உலகளந்தான்?"

"சேவலைவிட ஆணை கனமாக இருக்கிறது, மகாராஜா. சேவலை ஒரு கையால் தூக்கிவிடலாம். இதைத் தூக்க நாலு பேர் வேண்டும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஓலைநாயகத்துக்கு முகம் கறுத்தது. இரவு பகலாக உட்கார்ந்து எழுதுகிறவர் அவர். ஒரு நாளாவது ராஜா அவர் எழுத்தைக் கேட்டு இப்படி மலர்ந்தது கிடையாது.

"மகாராஜா, குறை சொல்ல எல்லோராலும் முடியும்" என்றார் அவர், கைகட்டியபடி. "தங்கள் பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. முதல் சேவலை விகடகவியே கொண்டுவரட்டும். நாட்டுக்கே முன்மாதிரியாக இருக்கும். ஆனால் ஆணைப்படி வரவேண்டும். தவறினால் என்ன என்பதும் ஆணையிலேயே இருக்கிறது."

"நல்ல யோசனை" என்றார் ராஜா, ஒரு முழுச் சேவலைப் பார்த்துவிடும் ஆசையில். "போய் வாரும்."

உலகளந்தான் சிரித்தபடியே வணங்கிவிட்டு வெளியே வந்தார். தெருவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குள்ளன் என்று ஏழு ஊர்களில் கல்லெறி வாங்கியவர் அவர். எட்டாவதாக வந்த ஊரில்தான் ஒரு ராஜா பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கேட்டார். இதையும் விட்டால் போக இடமில்லை.

மலையடிவாரத்தில் வெள்ளச்சி என்ற வேட்டைக்காரியின் குடிசை இருந்தது. அவளிடம் ஆணையை வாசித்துக் காட்டினார். அவள் அம்பு முனையைத் தீட்டிக்கொண்டே கேட்டாள்.

"எழுதுனவரு சேவல பாத்திருக்காரா சாமி?"

"இலையில் பார்த்திருப்பார்."

"அதான். அம்பு பட்டா இறகு கொட்டாம இருக்குமா? கண்ணி வெச்சுப் புடிச்சா கொட்டாது. ஆனா உசுரோட இருக்கும். துணியப் போட்டு இருட்டாக்குனாத்தான் சும்மா கெடக்கும். கொண்ட தெரிய வெளிய விட்டா முழிச்சுக்கிட்டு அடிச்சுக்கும், அம்புட்டு இறகும் போயிரும். மூடவும் வேணும், தெரியவும் வேணும்னா எப்பிடி? ஒங்கள ஊர விட்டு முடுக்கத்தான் எழுதியிருக்காக."

"அது எனக்கும் தெரிகிறது, தாயே. கண்ணியை மட்டும் கொடு. பிறர் கை படக்கூடாதாம். நானே வைக்கிறேன்."

"அதுக்குக் குனிய வேணாம், ஒங்களுக்கு" என்றாள் வெள்ளச்சி. உலகளந்தானுக்கே சிரிப்பு வந்தது.

மூன்று விடியல்கள் ஒன்றும் விழவில்லை. நாலாம் விடியலில், மூங்கில் புதருக்குப் பின்னால் குந்தியிருந்த உலகளந்தான் காது அடைத்துப்போகிற மாதிரி ஒரு கூவலைக் கேட்டார். பனி கலைந்தது. சருகுகளுக்கு நடுவே சேவல் வந்து நின்றது.

அவர் மூச்சு விட மறந்தார். எத்தனையோ அரண்மனை ஆபரணங்களைப் பார்த்துக் கிண்டல் செய்த வாய் அது. இப்போது அதில் ஒரு சொல் எழவில்லை. கழுத்தெல்லாம் பொற்புள்ளிகள். சேவல் தலையைத் திருப்பும்போதெல்லாம் யாரோ ஆயிரம் விளக்குகளைச் சேர்ந்தாற்போல ஏற்றி அணைப்பது போல இருந்தது. வால் இறகுகள் கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியவில்லை. காடே அதற்காக ஒதுங்கி நிற்பது போல ஓர் அமைதி. நாட்டில் இடமில்லாமல் போனாலும் இதைப் பார்த்துவிட்டோமே என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது.

சேவல் ஓர் அடி எடுத்துவைத்தது. கண்ணி இறுகியது.

சேவலைச் செந்துணிக்குள் அணைத்து வைத்துக்கொண்டு, வெள்ளச்சியின் வாசலில் உட்கார்ந்து, ஆணையை மறுபடி எழுத்துக் கூட்டி வாசித்தார் உலகளந்தான். பாதியில் நிறுத்தினார். அந்த இடத்தை இன்னொரு முறை வாசித்தார்.

"தாயே, உன்னிடம் தென்னங்கீற்று இருக்கிறதா?" என்று கேட்டார்.

ராஜாவின் பிறந்தநாள். சபை நிரம்பியிருந்தது. சாவடிக் காவலர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கதவைத் திறந்துவிட, உலகளந்தான் உள்ளே வந்தார். கழுத்திலிருந்து முழங்கால் வரை செந்துணி போர்த்தியிருந்தார். குடுமியை அவிழ்த்து உச்சியில் கொண்டையாக முடிந்திருந்தார். வலது காலில் ஓர் ஓலை. அதில் 'உலகளந்தான்' என்று கொட்டை எழுத்து. பின்னால் தென்னங்கீற்று வால் ஒன்று தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது.

சபை சிரித்த சிரிப்பில் மாடத்துப் புறாக்கள் பறந்தன. ஓலைநாயகம் மட்டும் சிரிக்கவில்லை.

"மகாராஜா, இது ஆணையை அவமதிப்பது. சேவலின் காலில் கட்ட வேண்டிய ஓலையை இவர் தம் காலில் கட்டியிருக்கிறார்."

"ஆணையைப் பெரியவர் ஒருமுறை வாசிக்க வேண்டும்" என்றார் உலகளந்தான் பணிவாக.

ஓலைநாயகம் வாசித்தார். "...பெயரெழுதிய ஓலையைக் காலில் கட்டிக்கொண்டு..."

"அங்கேயே நில்லுங்கள். ஐயா வேட்டி கட்டிக்கொண்டு சபைக்கு வந்திருக்கிறீர்கள். வேட்டி யாருடைய இடுப்பில் இருக்கிறது?"

ஓலைநாயகத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"சேவல் காலில் கட்ட வேண்டுமென்றால் 'கட்டி' என்று எழுதியிருப்பீர்கள். 'கட்டிக்கொண்டு' என்றால் என் காலில்தான். 'போர்த்திக்கொண்டு' என்றால் என் உடம்பில்தான்."

"கொண்டை? வால்?"

"'சேவலின்' என்று இறகுக்கு எழுதினீர்கள். கொண்டைக்கும் வாலுக்கும் எழுதவில்லை. கொண்டை என்னிடமே இருந்தது. வாலுக்குத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்."

ராஜா வாயைப் பொத்திக்கொண்டார். ஓலைநாயகம் நிதானம் இழந்தார்.

"எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீரே. எழுதியது எப்படி இருந்தாலும் அதன் பொருள் வேறு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓலைநாயகத்துக்கே தாம் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"கடைசி வரியையும் வாசியும்" என்றார் ராஜா.

ஓலைநாயகம் வாசிக்கவில்லை. எழுதியதை விட்டு வேறு பொருள் சொல்கிறவனுக்கு இந்த நாட்டில் இடமில்லை. அவருடைய எழுத்துத்தான், முத்து முத்தாக.

"அது இருக்கட்டும். சேவல் எங்கே?" என்று கேட்டார் ராஜா.

உலகளந்தான் செந்துணியை விலக்கினார்.

இத்தனை நேரமும் அது அவருடைய மார்போடு அணைந்து, இருட்டில் அசையாமல் இருந்திருக்கிறது. சாளரத்து வெயில் அதன் கழுத்தில் விழுந்தது. பொழுது விடிந்துவிட்டது என்று நினைத்ததோ என்னவோ, சேவல் தலையை நிமிர்த்திக் கூவியது.

அந்தக் கூவல் தூண்களில் மோதி மோதித் திரும்பிவந்தது. சாமரம் வீசியவர்கள் நிறுத்திவிட்டார்கள். ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்து, படியிறங்கி வந்தார். ஓர் இறகைப் பார்த்து ஒரு சட்டம் போட்டவர், இப்போது அத்தனை இறகுகளையும் உயிரோடு பார்த்தார். தொடக் கை நீட்டி, "பிறர் கை படக்கூடாதல்லவா" என்று தாமே மடக்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை உலகளந்தான் மட்டும் கவனித்தார். அவருக்கு உயரம் அப்படி.

"இது இலைக்கு வர வேண்டாம். இது திரும்பிப் போகட்டும்" என்றார் ராஜா. பிறகு ஓலைநாயகத்தைப் பார்த்தார். "ஆனால் ஆணை ஆணைதானே. உமக்கு நாட்டில் இடமில்லை."

ஓலைநாயகம் தலைகுனிந்து நின்றார். எங்கும் போக இடமில்லாமல் தெருவில் நிற்பது எப்படி இருக்கும் என்று உலகளந்தானுக்குத் தெரியும்.

"மகாராஜா, நாட்டில் இடமில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. காட்டில் இருக்கிறதே. எத்தனை நாள் என்றும் எழுதவில்லை. ஒரே ஒரு விடியலுக்கு அனுப்புங்கள். சேவலையும் இவரே கொண்டுபோய் விடட்டும்."

"செந்துணி, ஓலை, வால் எல்லாம் கட்டிக்கொண்டா?" என்று ஓலைநாயகம் ஈனக்குரலில் கேட்டார்.

"கொண்டுவரத்தான் விதி, ஐயா. கொண்டுபோக விதியில்லை. தைரியமாகப் போங்கள்."

மறுநாள் உச்சிப்பொழுதில் ஓலைநாயகம் திரும்பினார். தலையில் சருகு. கணுக்காலில் முள் கீறிய கோடுகள். முகம் மட்டும் கோயில் கருவறையிலிருந்து வெளியே வந்தவர் முகம் போல இருந்தது.

"கண்டீரா? கண்டதை எழுதி வந்தீரா?" என்று ராஜா கேட்டார்.

ஓலைநாயகம் மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நீட்டினார். ராஜா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஓர் எழுத்தும் இல்லை.

"விட்டதும் அது பறந்து மூங்கில் மேல் உட்கார்ந்தது, மகாராஜா. கீழே காட்டில் இருந்து இன்னொன்று கூவியது. அப்புறம் இன்னொன்று. மலை முழுக்க... எழுத்தாணியை எடுத்தேன். விடிந்து வெயில் ஏறும்வரை கையிலேயே வைத்திருந்தேன்."

ராஜா அந்த வெற்றோலையை உலகளந்தானிடம் கொடுத்தார். அவர் அதைக் கண்ணருகே வைத்து, இடமிருந்து வலமாக, வரி வரியாக, நிறுத்தி நிதானமாக வாசித்து முடித்தார்.

"மகாராஜா, ஐயா எழுதியதிலேயே பிழையில்லாத ஓலை இதுதான்."

முதலில் சிரித்தவர் ஓலைநாயகம். ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் தம் கழுத்திலிருந்த பொன்மாலையைக் கழற்றி, குனிய வேண்டிய அளவுக்குக் குனிந்து, உலகளந்தானுக்குத் தம் கையாலேயே போட்டுவிட்டார்.