பெயர் அழித்த கடிதம்

மூடுமடல் என்று ஒரு செயலி. கைபேசியில் ஒருவர் எழுதுவதை, யாருக்கு எழுதினாரோ அவர் மட்டும்தான் படிக்க முடியும். நடுவில் நின்று எட்டிப் பார்க்கிறவனுக்கு வெறும் கிறுக்கல்தான் தெரியும்.

அதைச் செய்தவர்கள் முப்பது பேர். ஓசூரில் ஒருவர், மட்டக்களப்பில் ஒருவர், சிங்கப்பூரில் இருவர் என்று சிதறிக் கிடந்தவர்கள். சம்பளம் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததும் கிடையாது. இணையத்தில் ஒரு குழு, அதில் இரவும் பகலும் பேச்சு. அவ்வளவுதான் அவர்கள் ஊர்.

தலைவர் என்று யாரும் இல்லை. ஆனால் சந்தேகம் வந்தால் எல்லோரும் சபூராவிடம் போவார்கள். காயல்பட்டினத்தில் இருக்கிறார். முன்பு கல்லூரியில் கணிதம் நடத்தியவர். குழுவில் அவருக்கு டீச்சர் என்று பெயர்.

குணபாலன் ஓசூர்க்காரன். டீச்சரைவிடப் பதினோரு வயது மூத்தவன். ஆனாலும் செய்தியைப் பூட்டும் கணக்கை அவரிடம்தான் அரிச்சுவடியிலிருந்து படித்தான். நாற்பத்தைந்து வயதில் தொடங்கி, நான்கு வருடம். தப்பு செய்தால் டீச்சர் திட்டமாட்டார். "மறுபடி பாருங்க" என்பார். அதற்கே அவனுக்கு வியர்க்கும்.

அந்த வருடம் குழுவில் ஒரு சண்டை மூண்டது.

போராடுகிற மக்களுக்கு ஆதரவாக மூடுமடல் வெளிப்படையாக நிற்க வேண்டும் என்றான் குணபாலன். குழுவின் இணையப் பக்கத்தில் அதை எழுதிப் போட வேண்டும், கூட்டங்களில் பேச வேண்டும் என்றான்.

மட்டக்களப்பு ரெஜினோல்ட் ஒத்துக்கொள்ளவில்லை.

"பூட்டுச் செய்யிறவன் பூட்டைப் பற்றித்தான் கதைக்க வேணும்" என்று எழுதினான். "அது ஆர் வீட்டுக் கதவில தொங்குதெண்டு ஊருக்குச் சொல்லக்கூடாது."

"வாயை மூடிட்டு இருக்கிறதுக்கு இது ஒரு நல்ல சாக்கு" என்று குணபாலன் பதில் எழுதினான்.

மூன்று மாதம் இப்படியே போனது. பழகியவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இரண்டு பேர் குழுவை விட்டே போனார்கள்.

ஒருநாள் குணபாலன் டீச்சரை அழைத்துக் கேட்டான்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். நாம யாரு? நிரல் எழுதுறவங்களா, போராடுறவங்களா?"

"நேத்து ஒரு பிழை வந்துச்சே, அதைத் திருத்திட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"அதைப் பாருங்க."

அவனுக்குக் கோபம் வந்தது. டீச்சர் நழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாரம்தான் கடிதம் வந்தது.

மேட்டுக்கரடு என்ற ஊரிலிருந்து நாச்சிமுத்து என்பவர் எழுதியிருந்தார். ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றை ஒரு கல்குவாரி தின்றுகொண்டிருக்கிறது. வெடி வைத்து வீடுகள் விரிசல் விட்டுவிட்டன. கிணறுகள் வற்றிவிட்டன. எதிர்த்துப் பேசினால் அடுத்த நாளே குவாரிக்காரர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இப்போது மூடுமடல் வந்தபிறகு பதினேழு பேர் பயமில்லாமல் பேசிக்கொள்கிறோம். கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டோம்.

கடைசியில் ஒரு வரி இருந்தது.

"காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிறவர்களின் போனை வாங்கி, பால் அளக்கிற நேரத்தில் நானே ஒவ்வொன்றிலும் இதை ஏற்றிக் கொடுத்தேன். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது."

குணபாலன் அதைப் படித்தான். கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் யாருக்காக விரல் தேய எழுதினோமோ, அந்த மனிதர் எழுதியிருக்கிறார்.

கடிதத்தைக் குழுவின் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டான். அவன் கவனமில்லாதவன் அல்ல. நாச்சிமுத்து என்ற பெயரை அழித்தான். ஊர்ப் பெயரை அழித்தான். பால் ஊற்றுகிற வரியில் மட்டும் கை நின்றது. கடிதத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று பட்டது. விட்டுவிட்டான். எழுதியவரைக் கேட்கவும் தோன்றவில்லை.

கடிதம் ஊரெல்லாம் சுற்றியது. ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். குழுவில் வாக்கெடுப்பு வைத்தார்கள். பத்தொன்பது பேர் குணபாலன் பக்கம். ரெஜினோல்ட் தோற்றான். "சரி, உங்கட விருப்பம்" என்று எழுதிவிட்டு அவன் வேலையைப் பார்க்கப் போனான்.

அதிலிருந்து பதினான்காம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை.

"உங்கள் பக்கத்தில் வந்த கடிதத்தைக் குவாரி ஆபீசில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். இந்தச் சுற்றுவட்டத்தில் கரட்டுக்காக மனுக் கொடுத்த ஊர் எங்களுடையது ஒன்றுதான். எங்கள் சொசைட்டியில் பால் அளக்கிறவரும் ஒருவர்தான். போன செவ்வாய்க்கிழமை நாச்சிமுத்து அண்ணன் வண்டியில் வரும்போது டிப்பர் லாரி மோதி இறந்துவிட்டார். விபத்து என்று எழுதிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் உங்கள் செயலியை அழித்துவிட்டோம். இனிமேல் எங்களைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்."

குணபாலன் அதைக் குழுவில் போட்டான். யாரும் ஒன்றும் எழுதவில்லை. ரெஜினோல்ட் மட்டும் "ஐயோ" என்று எழுதினான். சொன்னேனே என்று அவன் எழுதவில்லை. எழுதியிருந்தால்கூடத் தேவலை என்று குணபாலனுக்கு இருந்தது.

டீச்சர் அழைத்தார்.

"நான் புறப்படுறேன். நீங்களும் வாங்க."

"எங்கே டீச்சர்?"

"அவங்க வீட்டுக்கு."

"என்ன முகத்தோட போறது?"

"இருக்கிற முகத்தோடதான்."

பேருந்து நிலையத்தில்தான் அவன் டீச்சரை முதல்முறை நேரில் பார்த்தான். குள்ளமான உருவம். தலையை மூடிய சாம்பல் நிறத் துப்பட்டா. வந்ததும் அவனிடம் நலம் விசாரிக்கவில்லை. அவனும் விசாரிக்கவில்லை.

மேட்டுக்கரட்டில் இறங்கியபோது முற்பகல். காற்றில் கல்தூள் பறந்தது. வேலிக் கள்ளிமேல் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது.

நாச்சிமுத்துவின் மனைவி ருக்குமணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஆருங்க நீங்க?"

டீச்சர் சொன்னார். "போன்ல மூடுமடல்னு ஒண்ணு போட்டுக் குடுத்தாரே உங்க வீட்டுக்காரர், அதைச் செஞ்சவங்கம்மா நாங்க."

அந்தம்மாள் முகத்தில் கோபம் வரும் என்று குணபாலன் காத்திருந்தான். வரவில்லை.

"உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

உட்கார வைத்து மோர் கொடுத்தார். குணபாலன் டம்ளரைத் தொடவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தான். சொல்லிவிட்டான்.

"அம்மா, அந்தக் கடிதத்தை வெளியில போட்டது நான்தான். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போட்டுட்டேன். அதை வெச்சுத்தான் அவங்க கண்டுபிடிச்சிருக்காங்க."

ருக்குமணி அவனையே பார்த்தார். பேசத் தொடங்கியபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"அவரு பாத்தாருங்க அதை. போன்ல வந்துருக்குது பாருன்னு எங்கிட்ட ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனாரு. அம்புட்டு சந்தோசம். எம் பேரைத்தான் அழிச்சுப்போட்டாங்கன்னு கொஞ்சம் வருத்தப்பட்டாரு."

குணபாலன் தலையைக் குனிந்துகொண்டான். திட்டு வாங்கத் தயாராக வந்தவனுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

ருக்குமணி எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கைபேசியை எடுத்து வந்தார். கண்ணாடி நட்சத்திரமாக உடைந்திருந்தது. ஆனாலும் எரிந்தது.

"நீங்க வந்ததும் நல்லதாப் போச்சுங்க. இதைத் தொறந்து குடுங்க."

"என்னம்மா?"

"தெனமும் காலையில இதுல பேசி அனுப்புவாருங்க. பதினேழு பேருக்கும். இன்னிக்கு ஆரும் தனியாப் போவாதீங்க, ரெண்டு ரெண்டு பேராப் போங்கன்னு சொல்லுவாரு. அந்தச் செவ்வாக்கெழமையும் சொன்னாரு. சொல்லிப்போட்டு அவரு தனியாப் போனாரு." கைபேசியை அவனிடம் நீட்டினார். "மத்தவங்கெல்லாம் பயந்துக்கிட்டு அழிச்சுப்போட்டாங்க. அவரு கொரலு இதுல மட்டுந்தானுங்க இருக்குது. நான் கேக்கோணும்."

குணபாலன் கைபேசியை வாங்கினான். செயலி அதற்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் கேட்டது.

"என்ன சொல் வெச்சிருந்தார்னு தெரியுமாம்மா?"

"தெரியாதுங்களே. ஸ்டேசன்ல வாங்கிட்டுப் போயி நாலு நாள் வெச்சிருந்தாங்க. குவாரி ஆளும் கூடவே உக்காந்து பாத்தானாம். ஒண்ணும் ஆவலைன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நீங்கதான செஞ்சவங்க. உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

அவன் டீச்சரைப் பார்த்தான்.

ருக்குமணி ஒவ்வொன்றாகச் சொன்னார். குலதெய்வத்தின் பெயர். கட்டிக்கொடுத்த மகளின் பெயர். கல்யாணத் தேதி. அவன் ஒவ்வொன்றாகப் போட்டான். தவறு, தவறு என்றது. தப்பான சொல் விழ விழ, அடுத்த சொல்லைப் போடக் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். அரை மணி. திருடன் கை ஓய வேண்டும் என்பதற்காக வைத்தது அது. அதை எழுதியவன் குணபாலன்தான். எழுதி முடித்த அன்று குழுவே அவனைப் பாராட்டியிருந்தது.

அந்த அரை மணியும் மூன்று பேரும் காத்திருந்தார்கள். கரட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. ஓடு அதிர்ந்தது. ருக்குமணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார். "செவலைன்னு போடுங்க. எங்க மாடு. அவருக்கு உசுரு அது."

போட்டான்.

தவறு. ஒரு நாள் காத்திருக்கவும் என்று வந்தது.

டீச்சர் கைபேசியை அவனிடமிருந்து வாங்கி, இரண்டு கையாலும் ருக்குமணியிடம் கொடுத்தார்.

"எங்களால முடியாதும்மா."

"நீங்க செஞ்சதுதானுங்களே?"

"நாங்க செஞ்சதுதான்."

"செஞ்சவங்களுக்கே தொறக்காதுங்களா?"

"தொறக்காதும்மா. அப்படித்தான் செஞ்சோம்."

ருக்குமணி உடைந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "செரி. உள்ளதான இருக்குது. இருக்கட்டும்" என்றார். அப்போதுதான் அழுதார். டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குணபாலன் வெளியே வந்து மாட்டருகில் நின்றான்.

விடைபெறும்போது ருக்குமணி, "அந்தப் பையன் மோரைக் குடிக்காமயே போறாரே" என்றார் டீச்சரிடம். ஐம்பதை நெருங்குகிற குணபாலன் திரும்பி வந்து, நின்றபடியே அதைக் குடித்துவிட்டுப் போனான்.

பேருந்து வர நேரமாகும் என்றார்கள். சாலையோரப் புளியமரத்தடியில் நின்றார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் குணபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இனிமே நான் எதுவும் எழுதப்போறதில்லை டீச்சர். குழுவை விட்டுப் போயிடறேன்."

"போனா?"

அவன் காலால் கல்தூளைக் கிளறினான்.

பிறகு அவனே பேசினான்.

"அந்தப் பால் வரி ஊரெல்லாம் சுத்துறதுக்கு முன்னாடி நீங்க பாத்திருந்தா, நிறுத்தியிருப்பீங்க."

"பாத்தேன்."

அவன் திரும்பினான்.

"நீங்க போட்ட அன்னிக்கே பாத்தேன். போட்டு அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. எடுக்கச் சொல்லியிருக்கலாம்." டீச்சர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூணு தடவை படிச்சேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு. யாரோ நம்மளை நினைச்சு எழுதியிருக்காங்களேன்னு இருந்துச்சு. விட்டுட்டேன்."

இத்தனை வருடத்தில் டீச்சரின் குரல் உடைந்து அவன் கேட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, மனதை அறுத்துக்கொண்டிருந்ததைச் சொன்னான்.

"முதல்லயே அதுல ஒரு மாத்துச் சாவி வெச்சிருக்கலாம் டீச்சர். நம்மகிட்ட மட்டும் இருக்கிற மாதிரி. அந்தம்மாவுக்காவது தொறந்து குடுத்திருக்கலாம்."

டீச்சர் துப்பட்டாவின் ஓரத்தால் முகத்தைத் துடைத்தார். கல்தூள் சாம்பலாக அதில் ஒட்டியது.

"போலீசுக்கு அது தொறக்கலை. குவாரிக்காரனுக்குத் தொறக்கலை. கட்டின பொண்டாட்டி அழுது கேட்டும் தொறக்கலை, குணபாலன். தொறந்தது நாம ரெண்டு பேரும்தான்."