பன்றிகளுக்காகப் பேசிய முயல்

காட்டுக் குளத்தின் பக்கத்தில் செங்காதன் என்றொரு முயல் வாழ்ந்தது. காட்டுச் சபைக்கு முயல்கள் அதைத்தான் அனுப்பியிருந்தன. உருவம் சின்னது. ஆனால் வாயைத் திறந்தால் யானைகூட நின்று கேட்கும்.

ஒருநாள் காட்டுப்பன்றிகளின் தலைவன் அதைத் தேடி வந்தது.

"குளத்தங்கரையில் கோரைக்கிழங்கு மண்டிக் கிடக்கிறது. தோண்டுவதற்குச் சபை சம்மதிக்க வேண்டும். எங்களுக்குப் பேச வராது தம்பி. நீ பேசிக் கொடு. கிழங்கில் உனக்கும் பங்கு உண்டு."

செங்காதன் யோசித்தது. 'சபையில் முயல்களுக்காகப் பேசுகிறேன். வெளியே பன்றிகளுக்காகப் பேசினால் என்ன? அது வேறு வேலை, இது வேறு வேலை.'

"சரி அண்ணே" என்றது.

மானிடம் போனது. குரங்கிடம் போனது. ஆமையிடமும் போனது. "கரை கெட்டியாக இருக்கிறது. ஒன்றும் ஆகாது" என்றது. கரையை அது போய்ப் பார்க்கவே இல்லை. சபை கூடியபோது எல்லாரும் சம்மதித்தார்கள். செங்காதனும் கை தூக்கியது.

பன்றிகள் தோண்டின. ஐப்பசி மழையில் கரை உடைந்தது. தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்ந்தது. முயல்களின் புதர்கள் அங்கேதான் இருந்தன. செங்காதனின் தங்கை தன் குட்டிகளைப் பறிகொடுத்தது.

"நீ எங்களுக்காகத்தானே அண்ணா அங்கே உட்கார்ந்திருந்தாய்?" என்று மட்டும் கேட்டது.

செங்காதன் அங்கிருந்து கிளம்பியது. நேரே ஆமையிடம் போனது.

"கரையிலேயே வாழ்கிறவர் நீங்கள். எப்படிச் சம்மதித்தீர்கள்?"

"பன்றி வந்திருந்தால் குடைந்து குடைந்து கேட்டிருப்பேன். வந்தது நீ. உன் இனத்துக்குக் கெடுதல் என்றால் நீயே சொல்லியிருப்பாய் என்று நம்பினேன். அதோடு, நாளைக்கு என் காரியத்துக்கு உன் கை வேண்டுமே. உன்னை எப்படி மறுப்பது?"

அடுத்த சபையில் செங்காதன் நடந்ததை எல்லாம் சொன்னது. "சபையில் இருப்பவர் கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காகச் சபையிடம் பேசக் கூடாது. அப்படி ஒரு விதி வேண்டும்" என்றது.

குரங்குக்குப் பிடிக்கவில்லை. "அணில்களுக்காக நான் பேசுகிறேன். பழம் தருகின்றன. பேச வராதவர்களின் வாயை அடைக்கச் சொல்கிறாயா?"

"இல்லை. அவர்களே வரட்டும். தடுமாறினாலும் பேசட்டும். அல்லது சபையில் இல்லாத ஒருவரை அழைத்து வரட்டும். நமக்குப் பேச்சுத் தொழில்தான் முக்கியம் என்றால் இந்த இடத்தை விட்டு இறங்கிவிடலாம்."

முதலில் மான் கை தூக்கியது. ஆமையும் தூக்கியது. கடைசியாக, மனமில்லாமல், குரங்கும் தூக்கியது.

முயல்கள் செங்காதனைத் திரும்ப அனுப்பவில்லை. அதன் தங்கையை அனுப்பின. செங்காதன் அதற்காக வருத்தப்படவில்லை.

கோடையில் பன்றித் தலைவன் தானே சபைக்கு வந்தது. திக்கித் திக்கிப் பேசியது. கேள்வி மேல் கேள்வி வந்தது. கரையை விட்டுத் தள்ளியிருந்த மேட்டில் தோண்டிக்கொள்ளச் சபை சம்மதித்தது. பன்றிகளுக்கும் கிழங்கு கிடைத்தது, கரையும் நின்றது.

எல்லாருக்காகவும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர், அங்கே இருக்கும்வரை தன் வாயை யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது.