அரசருக்குச் சான்று சொல்வது யார்?

முன்னொரு காலத்தில், அரசர் குலவர்த்தனரின் வலிக்கிற பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கினான் ஒரு பல்வைத்தியன். விசாரித்தால், அவன் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன். வீங்கிய கன்னத்தோடு அரசர் ஆணையிட்டார்:

"இனி தொழிலுக்கு ஒரு சங்கம். அதே தொழில் செய்யும் இருவர் சான்று சொன்னால்தான் முத்திரை. ஒருவருக்கு ஒரு முத்திரைதான். முத்திரையின்றித் தொழில் செய்பவர் எவராயினும் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்."

ஊரில் பற்கள் நிம்மதியாக இருந்தன. விகடகவி ஏகாம்பரம்தான் நிம்மதி இழந்தான். அவன்மேல் பொறாமை கொண்ட மந்திரி வில்லவராயரும் அவர் மைத்துனர் சேனாபதியும் முந்திக்கொண்டு விகடர் சங்கம் தொடங்கிவிட்டார்கள். இவருக்கு அவர் சான்று, அவருக்கு இவர் சான்று. இருவரும் அதுவரை யாரையும் வேண்டுமென்றே சிரிக்க வைத்ததில்லை.

ஏகாம்பரம் அவர்கள்முன் ஒரு விகடம் சொன்னான். சேனாபதியின் தொப்பை குலுங்கியது. வில்லவராயர் அவர் தொடையைக் கிள்ளினார்.

"சிரிப்பு வரவில்லையே, ஓய். மூட்டையைக் கட்டும்."

எல்லைக்கு அப்பால் ஏகாம்பரத்துக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது. மாலையில் இரண்டு மூட்டைகளோடு அரசவைக்கு வந்தான்.

"இரண்டாவது யாருக்கு?" என்றார் அரசர்.

"தங்களுக்கு, மகாராஜா. அரசாள்வதும் தொழில்தானே? தங்களுக்கு இன்னும் இரண்டு அரசர்கள் சான்று சொல்லவில்லை. வடக்கே இருப்பவருக்குப் போன போரில் தாங்கள் மீசையை மழித்து அனுப்பினீர்கள். தெற்கே இருப்பவர் தங்கள் மாமனார்."

"மாமனார் எனக்குச் சான்று சொல்ல மாட்டாரா?"

அரசி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "எங்க அப்பாவா? 'இவருக்கு ராஜ்யம் பண்ண வராது'ன்னு கல்யாணப் பந்தலிலேயே சொன்னவராச்சே!"

அரசர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வில்லவராயர் பதறினார். "மகாராஜா, முத்திரை இல்லாதவன் பேச்சுக்குச் சிரிக்கலாமா?"

"ஒருவருக்கு ஒரு முத்திரைதானே, மந்திரியாரே?" என்றான் ஏகாம்பரம். "நீங்கள் வாங்கியது விகட முத்திரை. அப்படியென்றால் மந்திரி உத்தியோகம் எந்த முத்திரையில் நடக்கிறது?"

வில்லவராயர் திருதிருவென்று முழித்தபடி மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கூரையைப் பார்த்தார். அந்த முழியைக் கண்டு அரசர் ஆசனத்திலிருந்து சரியும் அளவுக்குச் சிரித்தார்.

"சங்கம் பல்லுக்கும் மருந்துக்கும் இருக்கட்டும். சிரிப்புக்கு வேண்டாம்" என்று சொல்லித் தம் முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்தின் கழுத்தில் போட்டார். "இவர்கள் இருவரையும் என்ன செய்யலாம்?"

"தாங்களே விழுந்து விழுந்து சிரித்தீர்களே, மகாராஜா! விகடர்கள்தான். நான் சான்று சொல்கிறேன்."